‘வேண்டாம்’ இருக்கும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பலகை “தண்ணி” என்றது. கொண்டுபோனேன். மனைவி வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதில்லை போலிருக்கிறது. அடுத்து “போர்வை” என்றது. போர்வை ஏற்கெனவே காலில்தான் கிடந்தது. கடைசியாக “சரி.” எது சரி? அவளும் விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். மின்விசிறி நேராக அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததை எத்தனையோ நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

காலமெல்லாம் வகுப்பில் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பழகியவன் நான். இன்று எனக்கே ஒருமுறை பாடம் எடுத்துக்கொள்கிறேன், தலை தெளியட்டும் என்று.

மழைக்காலத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. நாம் பேசுவது புரிகிறது. எழுத்துதான் கூடவில்லை, பார்த்தால் பூச்சி ஊர்வதுபோல இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்று நினைத்துக்கொண்டு இடவலமாக ஆட்டுவாள், இல்லை என்று நினைத்து மேலும் கீழும் ஆட்டுவாள். அதனால் படம் போட்ட ஒரு பேச்சுப் பலகை. கணினித் திரைதான், எங்களுக்குப் பலகை. படத்தைத் தொட்டால் அது சொல்லிவிடும். செய்துகொடுத்தவர்கள் மகளும் மாப்பிள்ளையும். சொற்களைப் பிரித்துக் கொடுத்தவன் நான்.

மாதக் கடைசியில் மகள் வீட்டோடு போய்விடுகிறோம். இந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இவளிடமும் கேட்டோம். “சரி” என்றாள்.

மார்ச் 5

இடுப்பு வலி. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

போனில் மகளும் மாப்பிள்ளையும். இருவரும் ஒரே கம்பெனி, ஒரே மேசை, சண்டையும் ஒன்றே. கல்யாணமான புதிதில் இவர்கள் என்னதான் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எனக்கு விளங்கவே இல்லை. திரைகளை வடிவமைக்கிறோம் என்றார்கள். சுவரில் சாயம் அடிப்பதுபோல ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நானே ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன். வீடு கட்டும்போது எந்த அறை எங்கே, எதன் வழியாக எதற்குப் போவது என்று பார்ப்பது ஒரு வேலை. அது மகளுடையது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் கைக்கு எட்டுமா, சுவிட்ச் எங்கே என்று பார்ப்பது இன்னொரு வேலை. அது மாப்பிள்ளையுடையது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வீடு கட்டினால், கதவைத் திறந்ததும் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் போய்விடும். இருட்டில் உள்ளே போய், கதவைச் சாத்தி, பிறகுதான் விளக்கு. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடம் அப்படித்தான் இருந்தது. அறைமீதும் குற்றமில்லை, சுவிட்ச்மீதும் குற்றமில்லை. முழங்கால் மட்டும் வருஷம் தவறாமல் பெஞ்சில் இடிக்கும்.

இன்றைய சண்டை கட்டங்களைப் பற்றி. அத்தைக்கு விரல் நடுங்குகிறது, பக்கத்துப் படத்தில் பட்டுவிடுகிறது, அதனால்தான் போன மாதம் கட்டங்களைப் பெரிதாக்கினேன் என்கிறார் அவர். பெரிதாக்கினால் பக்கத்துக்கு ஆறுதான் நிற்கும், மீதியெல்லாம் உள்ளே உள்ளே போய்விட்டது, அம்மா எங்கே போய்த் தேடுவாள் என்கிறாள் மகள். அதற்கும் அவர் வழி வைத்திருக்கிறார். உள்ளே போய்த் தடுமாறி நின்றால், சற்று நேரத்தில் பலகை தானாகவே முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

“அத்தை எங்கயும் தொலஞ்சு போக மாட்டாங்க மாமா. நான் கேரண்டி.”

“நீ குடுத்த கேரண்டில ஒண்ணு இந்த வீட்டு குழாய். இன்னும் ஒழுகுது” என்றாள் மகள்.

எந்தக் கட்டத்தை எத்தனை முறை தொட்டாள் என்று பலகை கணக்கு வைக்குமாம். ‘சரி’க்குப் பக்கத்தில் வேறெதுவும் வர முடியவில்லை. அதனால் அதை எல்லாப் பக்கத்திலும், இடது கீழ் மூலையில், இன்னும் பெரிதாக வைத்திருக்கிறார். நல்ல யோசனை என்றேன். முதல் பெஞ்சுப் பையனைப் புகழ்வதுபோலப் புகழ்ந்தேன்.

குரல் மகளுடையது. எல்லாச் சொல்லையும் அவள்தான் பேசிப் பதிந்தாள். ‘ஏங்க’ என்று அம்மா என்னைக் கூப்பிடுவதைப் பதிகிறபோது வெட்கத்தில் பலமுறை சிரித்துவிட்டாளாம். மாப்பிள்ளை சொன்னார், “எனக்கு ஒரு தடவகூட இவ்வளவு மரியாதை கெடச்சதில்ல மாமா. அந்தப் பலகைய இங்க அனுப்பிடுங்க.”

இவள் கேட்டுச் சிரித்தாள். ஒரு பக்க உதடுதான் சிரிக்கிறது. அதுவே போதும்.

மார்ச் 11

அட்டைப் பெட்டிகள் வந்தன. கூடத்தில் அடுக்கினேன். பாத்திரங்களில் எதை எடுத்துப்போவது, எதைக் கொடுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். இது வேண்டுமா? சரி. கொடுத்துவிடலாமா? சரி. பெரிய அடுக்கைக் காட்டியபோது சரி, சரி, சரி என்று பலகை கத்தியது. கண்ணில் தண்ணீர். பழைய பாத்திரம், பாசம் இருக்கத்தானே செய்யும் என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். தோளை உதறினாள்.

களைப்பு. அவளுக்கும் எனக்கும்.

மார்ச் 14, சனி

வீடு பார்க்க வந்தார்கள். இளம் தம்பதி, நல்ல மாதிரி. அந்தப் பெண் ஜன்னல்களை எண்ணினாள், அந்தப் பையன் குழாய்களைத் திறந்து பார்த்தான். இவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் செய்து, அவர்கள் போகும்வரை சுவரையே பார்த்திருந்தாள். விருந்தாளி வந்தால் வாசலுக்கே போய் நிற்கிறவள். வியாதி மனிதரை எப்படி மாற்றிவிடுகிறது.

மார்ச் 17, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். எப்போதும்போலக் கேள்விகள். உங்க வீட்டுக்காரர் நல்லா சமைப்பாரா? சரி. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பொய்தான், இருந்தாலும் இனிப்பாக இருந்தது. இப்போது வெளியே பனி கொட்டுகிறதா? சரி. நாம் மூவரும் கடலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோமா?

சரி.

அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, “சார், போன மாசத்தவிட புரிதல் கொறஞ்சிருக்கோன்னு தோணுது. டாக்டர்கிட்ட சொல்லிடலாம்” என்றாள்.

புரிதலும் போய்விட்டால்? அப்புறம் உள்ளே யார் இருப்பார்கள்? நான் யாரோடு இருக்கிறேன் என்று ஆகும்?

மார்ச் 18

உள்ளே இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள்.

காலையில் நினைவு வந்தது வகுப்பறை. பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பேன். மொத்த வகுப்பும் “புரிஞ்சுது சார்!” புரிந்ததாலா? புரிந்தது என்றால் மணி அடித்ததும் ஓடலாம். புரியவில்லை என்றால் எழுந்து நிற்கணும், எது புரியவில்லை என்று சொல்லணும், நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தப் பதிலுக்குச் சிரமம் குறைவோ அந்தப் பதில்தான் வரும். வேலைக்குச் சேர்ந்து வெகுகாலம் கழித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கேள்வியையே கேட்டதில்லை.

அவள் கட்டிலில் படுத்திருக்கும்போது அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வலது கையை மடியில் செத்ததுபோலப் போட்டேன். பலகை மடியிலிருந்து வழுக்குகிறது. வழுக்காமலிருக்க இடது கையால் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கட்டைவிரல் எங்கே போய் விழுகிறது? இடது கீழ் மூலை. சரி.

சும்மா இருந்தாலே சரி.

இப்போது வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்போம் என்று தேடினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கே நினைவில்லை! வைத்தவன் நானே. ‘உணர்வு’ என்ற தலைப்புக்குள். அதில் சந்தோஷம், வருத்தம், கோபம், பயம் எல்லாம் தாண்டி அடுத்த பக்கம். அங்கே ‘மறுப்பு’. அதற்குள் ‘வேண்டாம்’. மறுப்பும் ஓர் உணர்வுதானே என்று மகளிடம் விளக்கம்கூடக் கொடுத்தேன், பாடத்திட்டம் போடுகிறவன்போல. ஒவ்வொன்றைத் தொடவும் ஓரத்திலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுத்தால் பலகை வழுக்குகிறது. இழுத்து நேராக்கி, அடுத்ததைத் தேடுவதற்குள், மாப்பிள்ளையின் கருணை: பலகை தானாக முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

மறுபடி போனேன். மறுபடி வந்துவிட்டது. நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ள நான் ஒருமுறைகூட போய்ச் சேரவில்லை.

நான் வகைப்படி வைத்தேன். தப்பில்லை. மாப்பிள்ளை கட்டத்தைப் பெரிதாக்கினார். தப்பில்லை. தொலைந்துபோகாமல் திருப்பிக் கொண்டுவந்தார். தப்பில்லை. அதிகம் தொட்டதைக் கைக்கு அருகே வைத்தார், அருகே வைத்ததால் இன்னும் அதிகம் தொட்டாள், அதனால் இன்னும் பெரிதாக்கினார். யாரும் தப்புச் செய்யாமலே, ஒரு மனுஷியிடமிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல்லை எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கிவிட்டோம்.

அப்படியானால் அந்தப் பாத்திரங்கள்? அந்தச் சுவர்ப்பக்க நாற்காலி? வீடு மாறுவது?

மார்ச் 19

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 20

ஏன் சொல்லவில்லை என்று இன்று என்னையே கேட்டேன். வேலையாக இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்றெல்லாம் ஒரு சமாதானம்.

நிஜம் இதுதான். எனக்குப் போகணும். அங்கே லிஃப்ட் இருக்கு, ஆள் துணை இருக்கு. குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க இன்னொரு கை இருக்கும். ஒரு மதியமாவது காதை அந்த அறையில் விட்டுவைக்காமல் தூங்கணும். அவள் ‘சரி’ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதே பலகையில் ‘வேண்டாம்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அவள் அதைத் தொட்டால்? என்னால் முடியலையே. யார்கிட்ட போய்ச் சொல்ல.

பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டன. பேசாமல் போய்விட்டால், அங்கே போய்ப் பழகிக்கொள்ள மாட்டாளா?

மார்ச் 21, சனி

டாக்டரிடம் திங்கட்கிழமை எழுதித் தரப்போகிறேன் சார் என்று பயிற்சிப் பெண் போன் செய்தாள். புரிதல் குறைவு என்று. பக்கத்தில் நாற்காலியில் இவள் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வந்த அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு. கட்டைவிரல் பட்டுப் பலகை “சரி” என்றது.

தாங்கவில்லை. எழுத வேண்டாம்மா, தப்பு பலகையில, அவகிட்ட இல்ல என்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். உடனே மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: ‘வேண்டாம்’ கட்டத்துக்குக் கணக்கு சுழியம் மாமா. யாருமே தொடாததை எதுக்கு முன்னால வைக்கணும்னு நான்தான் சொன்னேன்.

நாளை வருகிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

அசதியிலும் இதை எழுதிவைக்கணும்.

வந்ததும் மாப்பிள்ளை அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, நான் செய்ததுபோலவே செய்து பார்த்தார். மகள் பக்கத்தில் தரையில். இதுவரை அவள் பட்டியல் போட்டு அனுப்புவாள், அவர் வாங்கிக் கட்டம் செய்வார். இன்றுதான் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் கை வைத்ததைப் பார்த்தேன். அவள் ஒரு சொல்லை நகர்த்தினால் அவர் கையை நீட்டி எட்டுகிறதா என்று பார்க்கிறார். அவர் கட்டத்தைப் பெரிதாக்கினால், இப்ப எந்தச் சொல்லு வெளிய போகுது, அதச் சொல்லு முதல்ல என்று மகள் கேட்கிறாள். சண்டை குறையவில்லை. ஆனால் இது வேறு சண்டை.

‘சரி’யை மூலையிலிருந்து எடுத்துவிடலாம் என்றாள் மகள். கூடாது, அத்தை கை பழகின இடம், மாத்தினா மறுபடி முதல்லேருந்து என்றார் அவர். முடிவில் சரியை நகர்த்தவில்லை, பலகையை நகர்த்தினார்கள். மடியில் வேண்டாம், மேசைமேல் ஒரு சாய்வுத் தாங்கியில். கை எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கையை மேசையில் வைத்தால், அங்கிருந்து சரிக்கு எத்தனை தூரமோ அத்தனை தூரத்தில் ‘வேண்டாம்’, அதே அளவில், எல்லாப் பக்கத்திலும். நடுவில் ‘அது இல்ல’. தானாகத் திரும்பிவருவது நின்றது. இனி எந்தக் கட்டமும் கணக்கைப் பார்த்து இடம் மாறாது. என் வகைப்பாட்டில் பாதியை மகள் கலைத்துவிட்டாள். “மன்னிச்சுக்கோப்பா, இது பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு” என்றாள்.

கடல் நடுவில் இருக்கிறோமா என்று மனைவியிடம் கேட்டேன். கையைத் தூக்கினாள்.

“வேணாம்.”

இல்லை என்பதற்குப் படம் இல்லாத குறைக்கு, கையில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் நல்ல மாப்பிள்ளையா அத்தை என்றார். யோசிப்பதுபோலப் பார்த்துவிட்டு, நிதானமாக, “வேணாம்.” பாதி உதட்டில் சிரிப்பு. மகள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு மகள்தான் கேட்டாள். நான் கேட்க வாயெடுக்கவில்லை.

“அம்மா, எங்க வீட்டுக்கு வந்துடறீங்களா?”

“வேணாம்.”

அது மகளுடைய குரல். அவள் பதிந்த சொல், அவளுக்கே திரும்பி வருகிறது. முகம் சுருங்கிப்போனது பிள்ளைக்கு. இருந்தாலும் விடவில்லை, கேள்வியைத் திருப்பிப் போட்டாள். இங்கேயே இருக்கிறீர்களா? “சரி.” ஏன் என்று கேட்டதற்குப் பலகையைத் தொடவில்லை. எழுந்தாள். கட்டில் முனை, அலமாரிப் பிடி, மேசை ஓரம், கதவு நிலை. பார்க்காமல், கை ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து, குளியலறைவரை தானே போய்த் திரும்பி வந்தாள். இந்த வீட்டில் அவளுக்கு எதுவும் இடம் மாறவில்லை. தன் காலில் போகக்கூடிய ஒரே இடம் இதுதான்.

“இத நாம எந்தப் பெட்டியில கட்டுவோம் மாமா” என்றார் மாப்பிள்ளை.

மார்ச் 23

எல்லாம் சரி. என் கதி?

கோபம்தான் வருது. நியாயமில்லை என்று தெரியும். அவ பேசினதுக்குச் சந்தோஷப்படறதா, பேசினது இதுன்னு அழறதா? பெட்டிகளைப் பிரித்தேன். அந்தப் பெரிய அடுக்கை அதன் இடத்தில் வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் போனேன். என்ன சார், வாத்தியார் வீட்டிலேயே வார்த்தை மாறலாமா என்றார். மேடம் சம்மதிச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நடந்ததை விளக்கினேன். வெகுநேரம் பிடித்தது. கடைசியில், “அப்ப இவ்வளவு நாளா மேடத்த யாரும் கேக்கவே இல்லன்னு சொல்லுங்க” என்றார். அந்தத் தம்பதிக்குத் தெருக்கோடியில் வேறு வீடு காட்டுகிறாராம்.

மார்ச் 24

துணி துவைத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 26, வியாழன்

சாப்பிட்டபின் பலகை “நீங்க” என்றது. போனேன். “போங்க” என்றது. என்னைத் துரத்துகிறாள் என்று கூடத்துக்கு வந்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். “அது இல்ல.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மந்தமான மாணவனுக்குச் சொல்லித் தருவதுபோல நிதானமாகத் தொட்டாள். “நீங்க.” “தூக்கம்.” நான் தூங்கணுமா? “சரி.” இங்கேயா? “அது இல்ல.” ‘ஆட்கள்’ பக்கத்தைத் திறந்து மகளின் படம். அங்கே போய்த் தூங்கணுமா? நான் மட்டுமா?

“சரி.”

உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் தன் தங்கையின் படத்தைத் தொட்டாள். பிறகு “இங்க.” எப்போது யோசித்தாளோ, முழுத் திட்டமும் தயார்.

அதெல்லாம் வேண்டாம் என்றேன். “ஏன்” என்றது பலகை. மகள் புதிதாகச் சேர்த்த சொல். நடுங்குகிற கையை நீட்டி என் கண்ணுக்குக் கீழே தொட்டாள், அந்தக் கறுப்பில்.

நான் களைத்திருப்பதை அவள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சொல்லத்தான் கட்டமில்லை.

மார்ச் 30

கொழுந்தியாள் வந்து இறங்கினாள். பை வைத்த கையோடு எனக்கு உபதேசம்: “அத்தான், நீங்க கெளம்புங்க. அக்காவும் நானும் சின்ன வயசுலேருந்து போட்ட சண்ட பாக்கி இருக்கு.”

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் வீட்டில். மதியம் படுத்தவன் மகள் வந்து காபிக்கு எழுப்பும்வரை அசையவில்லையாம். பேப்பர் முகத்தில் அப்படியே கிடந்ததாம். மாப்பிள்ளை குழாயைச் சரிசெய்கிறேன் என்று அடுக்களையைக் குளமாக்கி வைத்திருக்கிறார்.

கொழுந்தியாள் போன் செய்தாள். அக்கா வாயே மூட மாட்டேங்கறா அத்தான், உப்பு பத்தலங்கறா, டிவிய கொறைங்கறா, நான் மடிச்ச துணிய அது இல்ல, அது இல்லங்கறா என்று ஒரே புகார். பின்னால் பலகையின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

“சனிக்கிழம வந்துடட்டுமான்னு கேளு” என்றேன்.

அக்காவிடம் கேட்டாள். பலகை “வேணாம்” என்றது. கொழுந்தியாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

காபியைக் குடித்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.